ஆய்வின் தரமும் அளவுகோலின் நேர்மையும்

திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் தானியக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், தம் தராசில் பதிக்கப்பெற்றுள்ள அரசாங்க முத்திரையை ஒருநாள் நமக்குக் காட்டினார். மின்தராசாயின் ஆண்டுக்கொரு முறையும், படிக்கற்களாயின் ஈராண்டுக்கொரு முறையும் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து முத்திரை பெறவேண்டும். தவறினால் தண்டம் கட்டவேண்டும். கடைக்காரர் சைவர், மாதந்தோறும் பௌர்ணமியன்று மலையை வலம் வருபவர். "நெல்லை நிறுக்கிறதுக்கு முன்னாடி தராசை நிறுத்துப் பாத்துடறாங்க, சாமி" என்று அவர் சொன்னபோது அதனை நாம் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், தமிழ்த் திருமறை மொழிபெயர்ப்புகளைப் பற்றிய ஆய்வேடு ஒன்று மதிப்பீட்டுக்காக நம்மிடம் அனுப்பப்பட்டிருந்தது. நூற்பட்டியல் நீண்டிருந்தது, அடிக்குறிப்புகள் ஒழுங்காயிருந்தன, பக்க எண்ணிக்கையிலும் குறைவில்லை. மற்ற மதிப்பீட்டாளர் இருவரும் ஒப்புதல் தந்திருந்தனர், நாமும் கையொப்பமிட்டோம். பின்னர் ஒரு மாலை, நம் சபையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரின் இல்லத்தில் அந்த ஆய்வேட்டிலிருந்து பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு என்று காட்டப்பட்டிருந்த சங்கீதப் பகுதியொன்றை வாசித்தோம். அவர் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்திலிருந்து மணமாகி இவ்வூருக்கு வந்தவர். கண்பார்வை மங்கியவர். சற்று நேரம் கேட்டுவிட்டு, "ஐயரே, இது எங்க பாட்டனார் வாசிச்ச வேதம் இல்லீங்களே, வார்த்தை ஓட்டமே வேற மாதிரி இருக்குதே" என்றார். வீட்டுக்கு வந்து பழைய பதிப்பை எடுத்து ஒப்பிட்டோம். அவர் கூறியதே உண்மை. மாணவர் ஏதோவொரு மின்படியில் தவறாகத் தலைப்பிடப்பட்டிருந்த பகுதியை எடுத்து வைத்திருந்தார். அது 1871-ஆம் ஆண்டின் பவர் ஐயர் திருத்தம். ஓர் இயல் முழுவதும் அந்த மேற்கோள்களின் மேல் எழுப்பப்பட்டிருந்தது. பட்டம் பெற்ற மூவர் காணாத பிழையைப் பள்ளியிறுதியும் எட்டாத ஒரு செவி கண்டது.

இதனை மாணவரின் குறையாக மட்டும் கொள்வது நமக்கு வசதியாயிருக்கும். ஆனால் நாம் எதனைக் கொண்டு அந்த ஆய்வேட்டை அளந்தோம்? எண்ணிக்கையைக் கொண்டு அளந்தோம் என்பதே நேர்மையான விடை.

இந்த நோய் நம்மிடம் மட்டுமுள்ளதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் வகுத்த விதிகள், கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளைப் புள்ளிகளாகக் கணக்கிட்டன: மதிப்பீட்டுக்குழு உடைய இதழில் வந்த கட்டுரைக்கு 15, மதிப்பீடு இல்லாவிடினும் பதிவெண் உடைய இதழில் வந்ததற்கு 10. பதிவெண் என்பது ஓர் இதழை இன்னொன்றினின்று பிரித்தறிய உதவும் எண்ணேயன்றித் தரச்சான்று அன்று. வீட்டின் கதவிலக்கம் வீட்டாரின் ஒழுக்கத்துக்குச் சான்றாகுமா? ஆயினும் அதற்குப் புள்ளி உண்டு என்றதும், பதிவெண் மட்டுமே உடைய இதழ்கள் நாடெங்கும் முளைத்தன. 2016-ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் கட்டுரையொன்று வெளியாகியிருக்க வேண்டுமென்றபோது அந்தச் சந்தை மேலும் பெருகிற்று. மூன்று நாளில் மதிப்பீடு, நான்காம் நாள் வெளியீடு, கட்டணம் இவ்வளவு என்று அழைக்கும் மடல்கள் நமக்கும் வருகின்றன. ஒருமுறை கால்நடை மருத்துவ இதழொன்று, எபிரெயர் நிருபம் பற்றிய நமது 'அரிய ஆய்வை' நாடி எழுதியிருந்தது!

குழு ஏற்றுக்கொண்ட இதழ்ப்பட்டியலில், பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் இடம்பெற்ற 1,009 இதழ்களைப் பூஷண் பட்வர்தன் முதலிய அறிஞர்கள் சோதித்து, முடிவுகளை 2018-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியிட்டனர். நூற்றுக்கு 88-க்கும் மேற்பட்டவை தரம் குறைந்தவை என்று கண்டனர். முகவரியும் ஆசிரியர் பெயரும் இல்லாதவை ஒருபுறம். பொய்த்தகவல் தந்தவை மறுபுறம். அவ்வாண்டு மே மாதத்தில் 4,305 இதழ்கள் பட்டியலினின்று நீக்கப்பட்டன. பின்னர்க் 'கேர்' என்னும் புதிய பட்டியல் எழுந்தது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வேண்டுமென்ற கட்டாயம் 2022-இல் கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் அந்தப் புதிய பட்டியலும் கைவிடப்பட்டு, இதழ்களின் தரத்தை அந்தந்த நிறுவனமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று சில வழிகாட்டு அளவைகள் மட்டும் வெளியிடப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் சுற்றி, பொறுப்பு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அந்த இடத்தில் அதனை ஏற்க ஆயத்தமானவர் எத்தனை பேர்?

அறிஞர் குழுவின் மதிப்பீடே இதற்கெல்லாம் மருந்து என்று கருதுவோர் உண்டு. அம்முறை நாம் எண்ணுமளவுக்குப் பழமையானதன்று. லண்டன் ராயல் சங்கத்தின் இதழை 1665-இல் ஓல்டன்பர்க் தொடங்கியபோது, எதை அச்சிடுவது என்பது பெரும்பாலும் அவருடைய தீர்ப்பாகவே இருந்தது. நேச்சர் இதழ் வெளி மதிப்பீட்டைப் பொதுவிதியாக்கியது 1973-இல்தான். 1953-இல் அவ்விதழில் வந்த வாட்சன், கிரிக் ஆகியோரின் புகழ்பெற்ற கட்டுரை அத்தகைய மதிப்பீட்டுக்கு அனுப்பப்படாமலே அச்சேறிற்று. ஆகவே முறை என்பது தரத்துக்கு உதவி செய்யலாம், தரத்தைப் பிறப்பிக்காது.

நம் முன்னோர் இதனைச் சிந்திக்காமலில்லை. நன்னூலார் தம் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தும் அழகுகள் பத்தும் வகுத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என்று அவர் காட்டும் குற்றங்களைக் கையில் வைத்துக்கொண்டு இக்காலத்து ஆய்வேடுகளை வாசித்தால், சிவப்பு மை போதாது. (நமது மறையுரைகளையும் அவ்வாறே வாசிக்கலாம், துணிவுள்ளோர் செய்து பார்க்க.) ஆயினும் அதே பாயிரத்தில் ஒரு நெருடலும் உண்டு. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தருதற்குரியோர் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்பர். நால்வரும் வேண்டியவர்கள்! ஆசிரியர் தம் மாணவரின் மாணவரைத் தேர்வு செய்யும் இக்கால வழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்பது இங்கே விளங்கும். அதற்கு மாற்றாகத் தொல்காப்பிய அரங்கேற்றம் பற்றி நச்சினார்க்கினியர் கூறும் கதை நிற்கிறது. அகத்தியரின் வெறுப்புக்கு அஞ்சிய அதங்கோட்டாசான் குற்றம் காணும் நோக்கத்துடனேயே அமர்ந்து கேட்டார். கேட்ட ஒவ்வொன்றுக்கும் தொல்காப்பியர் விடை கூறினார் என்பது கதை. வரலாறாயினும் அன்றாயினும், தேர்வாளர் எத்தகையவராயிருக்க வேண்டுமென்ற ஒரு சமுதாயத்தின் எண்ணம் அதில் பதிந்திருக்கிறது.

இனி, நாம் நன்கறிந்த களத்துக்கு வருவோம். தமிழ்த் திருமறையின் வரலாறு, தரத்தை யார் வகுப்பது என்ற வினாவின் வரலாறாகவும் இருக்கிறது. அவ்வாறு அதனை நாம் கற்பிப்பதில்லை என்பதே நமது குறைபாடு. சீகன்பால்க் ஐயரின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி முடிந்தது. பப்ரிசியுஸ் ஐயரின் புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது; 'பொன் மொழிபெயர்ப்பு' என்று லுத்தரன் சபையார் அதனைப் போற்றினர். ரேனியுஸ் ஐயரோ, போற்றுதல் மட்டும் போதாது என்று கருதினார் போலும். திருமறையை மொழிபெயர்க்கும் நெறிகள் யாவை என்று 1827-இல் அவர் ஒரு கட்டுரை எழுதி, தமிழ் மொழிபெயர்ப்புகளின் மேல் குறிப்புரைகளும் வழங்கினார். அளவுகோலை எழுத்தில் வைத்துவிட்டுப் பிறகு வேலையை அளப்பது என்னும் ஒழுங்கு அதில் இருக்கிறது. அவருடைய முடிவுகளை ஏற்காதவர்களும் எதனை ஏற்கவில்லை என்று சுட்டிச் சொல்ல முடிந்தது அதனால்தான்.

யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பின் கதை இன்னும் கூர்மையானது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பெர்சிவல் ஐயர், சைவராகிய ஆறுமுக நாவலரின் துணைகொண்டு மொழிபெயர்த்த வேதாகமம் 1850-இல் வெளிவந்தது. அதனைச் சென்னைக்குக் கொண்டுவந்து மழவை மகாலிங்கையரிடம் காட்டினர் என்றும், அப்பெரும்புலவர் குற்றமற்றதென்று பாராட்டினார் என்றும் நாவலரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இலக்கணத்தில் அவருக்கு மேல் நீதிமன்றம் எது? ஆனால் தமிழகத்துச் சபைகளும் மிஷனெரிமாரும் அதனை ஏற்கவில்லை. 'சோதனை மொழிபெயர்ப்பு' என்ற பெயரோடே அது நின்றுவிட்டது. புலவரின் தீர்ப்பு பிழையா, சபையின் தீர்ப்பு பிழையா? இரண்டும் வெவ்வேறு கோல்களால் அளந்தன. புலவர் சொல்லின் தூய்மையை அளந்தார். சபையார் ஜெபத்தில் பழகிய நாவுக்கு அது இசைகிறதா என்று அளந்தனர். எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதை இரு திறத்தாரும் முன்கூட்டி அறிவிக்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. அதனால் பெருமுயற்சியொன்று காரணம் முழுதும் சொல்லப்படாமலே ஒதுக்கப்பட்டது.

இதற்குப்பின் வந்த பவர் ஐயரின் குழு, பல மிஷன்களின் பிரதிநிதிகளைக் கொண்டு, பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்துத் திருத்திற்று. 1871-இல் முடிந்த அத்திருத்தம் இன்றளவும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளின் பிரசங்க பீடத்தில் இருக்கிறது. வெற்றிதான். ஆனால் அவ்வெற்றியே பிறகு ஒரு சுவராயிற்று. டேனிஷ் மிஷன் சங்கத்தின் வழியாக 1889-இல் தமிழகம் வந்தவரும், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல் முதல்வருமாகிய லார்சன் ஐயர் தலைமையில் நடந்த திருத்தம் 1936-இல் முழு வேதாகமமாக வந்தது. மூலமொழி ஆராய்ச்சி அதற்குள் வெகுதூரம் முன்னேறியிருந்தது. அதன் பயன் அத்திருத்தத்தில் உண்டு. அவருடைய மிஷன் உழைத்த இத்திருவண்ணாமலையிலேயே அப்பிரதியை இன்று தேடித்தான் காணவேண்டும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியமும் நம்மவரிடையே பெரிதும் வகுப்பறையோடு நின்றுவிட்டது. பழக்கம் என்னும் கோலுக்குத் தன் சொந்தப் பிழையை அளக்கத் தெரியாது. மூதாட்டியின் செவியை மேலே புகழ்ந்த நாம் இதனையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்: அச்செவி பப்ரிசியுஸ் எது என்று சொல்லும், பப்ரிசியுஸ் எபிரெயத்தைச் சரியாகப் பிடித்தாரா என்று சொல்லாது. அதற்கு எபிரெயம் கற்றவர் வேண்டும். அவரும் மெய்யாகவே கற்றிருக்க வேண்டும்.

நம் இறையியல் கல்லூரிகளுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது 1827-இல் டேனிய மன்னர் அளித்த பட்டயம். மானியக் குழுவின் புள்ளிக்கணக்கு நம் செனட்டைக் கட்டுவதில்லை. அந்த உரிமையை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? புறத்தேர்வாளர் முறை நம்மிடம் உண்டு. ஆனால் தேர்வாளரின் அறிக்கை பெரும்பாலும் மூடிய உறைக்குள் போய் மூடிய உறைக்குள்ளேயே உறங்குகிறது. மாணவர் அதனைக் காண்பது அரிது. தேர்வாளர் மேற்கோள்களில் பத்தையாவது மூலத்தோடு ஒப்பிட்டாரா என்று எவரும் கேட்பதில்லை, நம்மிடமும் கேட்கவில்லை. பெரிதும் சிறிதுமான இருவகைப் படிக்கற்களைப் பையில் வைத்திருப்பதை உபாகமம் 25-ஆம் அதிகாரம் கடிந்துகொள்கிறது. பிற கல்லூரி மாணவருக்கு ஒரு கல்லும் நம் மாணவருக்கு வேறொரு கல்லும், ஆங்கில ஆய்வேட்டுக்கு ஒன்றும் தமிழ் ஆய்வேட்டுக்கு இளகிய ஒன்றும் வைத்திருப்போர் அவ்வதிகாரத்தின் மேல் பிரசங்கிக்கத் தயங்குவது நலம். தமிழில் எழுதுகிறார், பாவம் என்னும் இரக்கம் தமிழுக்குச் செய்யும் அவமதிப்பு.

தரத்துக்கு மாறாத உருவம் ஒன்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் போதுமென்றும் இல்லை. பாரிசுக்கு அருகே பூட்டிவைத்திருந்த கிலோகிராம் கட்டியும் அதன் படிகளும் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் அளவுக்கு ஒன்றுக்கொன்று விலகியிருந்தன. 2019 மே 20 முதல் கிலோகிராமுக்கு அக்கட்டி அளவையாக இல்லை. உலகுக்கே அளவாயிருந்த ஒன்றைச் சோதிக்கக் கூசாதவர்கள் விஞ்ஞானிகள். நம் கல்விக்குழுக்களோ, முப்பது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சிட்ட மதிப்பீட்டுப் படிவத்தையே இன்றும் படியெடுத்து அனுப்புகின்றன. 'மொழிநடை 20, நூற்பட்டியல் 10' என்றிருக்கும் அப்படிவத்தில், மூலம் சரிபார்க்கப்பட்டதா என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. அந்தக் கட்டத்தைச் சேர்க்கவேண்டும். தேர்வாளர் பெயரோடும் காரணத்தோடும் அறிக்கை மாணவர் கைக்குப் போகவேண்டும். திருச்சபையின் வாழ்வைப் பற்றிய ஆய்வாயின், அச்சபையில் உள்ள ஒருவரேனும் அதனை வாசிக்கக் கேட்டுக் கருத்துரைக்க வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. தேர்வாளரின் நேரம் வேண்டும். அதைத் தர மனமில்லாதவர் அழைப்பை மறுத்துவிடலாம்.

அந்த ஆய்வேட்டின் மாணவரை அழைத்து நடந்ததைக் கூறினோம். அவர் இப்போது ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்கிறார். சற்று நேரம் பேசாதிருந்து, "நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேனே, ஐயா" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. இருவரும் பழைய பதிப்பை நடுவில் வைத்து இரண்டு பகல் உழைத்து அம்மேற்கோள்களைத் திருத்தினோம். இயலின் முடிவில் பாதி நிற்கவில்லை. திருத்தச் சீட்டொன்றை ஆய்வேட்டின் நூலகப் படியில் ஒட்டுமாறு, மதிப்பீட்டாளர் என்ற முறையில் நம் பெயரும் அதில் இடம்பெற வேண்டுமென்று கேட்டு, அந்நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை.