மதில் ஏன்? மலர் யாருக்கு?

1948 வரை மன்னராட்சி நடந்த ஊர் புதுக்கோட்டை. அந்நகரிலே இன்று சின்னப்பா பூங்கா இருக்கிறது; பொதுமக்களுக்கு உரிய இடம். “பூங்காவிலே என்னய்யா புரட்சி?” என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு விடை தேடி நாம் இரண்டு காப்பியங்களைப் புரட்டுவோம்.

சிலப்பதிகாரத்தைப் போற்றாத மேடை இல்லை. நாமும் போற்றுகிறோம், ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. புகாரை விட்டு வெளியேறும் கோவலனும் கண்ணகியும் இலவந்திகைச் சோலையைக் கடக்கிறார்கள். அதன் நிழலிலே இளைப்பாறியா? இல்லை, மதிலின் வெளிப்புறமாக! மன்னன் மகிழ ஒரு சோலை, அதற்கு ஒரு மதில். மாநாய்கன் மகளுக்கே வெளிப்புறந்தான் என்றால், ஏர் பிடித்தவனுக்கும் உப்பு விற்றவளுக்கும் எந்தப் புறம்?

மணிமேகலையோ உள்ளே செல்கிறாள். மலர் கொய்ய உவவனம் புகுந்தவளைத் தேடி இளவரசன் உதயகுமரன் வருகிறான். பளிங்கு மண்டபத்திலே அவள் ஒளிகிறாள். பளிங்கின் அழகை வியக்கும் புலவர்களைக் கேட்கிறோம்: சோலைக்குச் சென்ற பெண் ஒளிய வேண்டியது ஏன்? கணிகை மகள் என்ற பிறப்பு முத்திரையன்றோ அவனுக்கு அந்தத் துணிவைத் தந்தது! அந்த முத்திரையை அழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி 1886இல் பிறந்தது இதே புதுக்கோட்டையில்தான். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது.

சட்டம் வந்தால் போதுமா? பெண் வெளியே வரவேண்டாமா? 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொடுத்தது. ஏளனப் பேச்சு எழாமல் இல்லை. எனினும் பல்லாயிரவர் ஏறினர், ஓட்டினர், வென்றனர். திறந்த வெளியில் அவர்கள் ஒளியவில்லை!

சாதியின் மதிலோ இன்னும் இடியவில்லை. 2022 டிசம்பரில், வேங்கைவயல் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்த கொடுமையை விசாரிக்க அதிகாரிகள் சென்றார்கள். அப்போது இறையூர்த் தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை இருப்பதும் அம்பலமாயிற்று. குவளையிலே பிரிக்கும் மனம், இருக்கையிலே இணையுமா?

ஆகவேதான் ஊர்ப் பூங்காவை நாம் சிறிதென எண்ணுவதில்லை. கோயிலிலே கருவறை உண்டு. உள்ளே செல்லப் பிறப்புக் கணக்கு உண்டு. பூங்காவின் பலகைக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அதில் அமருகிறவனுக்குத் தெரியும்! பூச்செடிகளை எண்ணிப் பூங்காவை மதிப்பிடுவோர் எண்ணட்டும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை நாம் எண்ணுவோம். மாலையிலே சேரியிலிருந்து முதியவர் வருகிறாரா? தனியே ஒரு பெண் அமர்ந்து ஏடு படிக்க முடிகிறதா? இல்லையென்றால், வேலி கம்பியாயினும் அது இலவந்திகையின் மதிலே!

இளைஞர்களே! தேநீர்க் கடையையும் முடிதிருத்தகத்தையும் படிப்பகமாக்கிய இயக்கம் நம்முடையது. பூங்காவின் ஒரு மூலை போதும். ஓர் ஏடு போதும். உரக்கப் படியுங்கள். பக்கத்தில் அமர எவரையும் அழையுங்கள். அவர் எந்தத் தெருவினர் என்று மட்டும் கேளாதீர்கள்!