குடியேறியவரின் காடு: லூயிஸ் செபுல்வேதாவின் நாவலை முன்வைத்து

எக்குவடோர் நாட்டின் தென்கிழக்கு மூலையில், பெரு எல்லையை அண்டி, நங்கரிட்சா என்றொரு ஆறு ஓடுகிறது. சிலி நாட்டு எழுத்தாளர் லூயிஸ் செபுல்வேதா, 1989இல் வெளிவந்த தமது 'காதல் கதைகள் வாசித்த கிழவர்' நாவலில், அந்த ஆற்றங்கரையில் எல் இடிலியோ என்ற குடியிருப்பை நிறுவினார். ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு இன்பமான வாழ்வு என்று பொருள். நாவலின் முதற்காட்சியோ இறங்குதுறையில் பல் பிடுங்கும் காட்சி. 'சுக்ரே' என்ற படகில் ஆண்டுக்கு இருமுறை வரும் பல் வைத்தியர், கையோடு கொண்டுவந்த நாற்காலியில் ஆட்களை இருத்தி, சாராயத்தை மயக்கமருந்தாக்கி, அரசாங்கத்தைத் திட்டியபடியே பல்லைப் பிடுங்குகிறார். அதே படகுதான் உப்பையும் எரிவாயுவையும் பியரையும் இறக்கிவிட்டு, வாழைக்குலைகளையும் கோப்பி மூட்டைகளையும் ஏற்றிச் செல்கிறது. அரசு என்று அங்கே இருப்பது ஓயாமல் வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு மேயர் மட்டுமே. அவருக்குத் தெரிந்த ஆட்சிமுறை வரி கேட்பது.

இந்நாவலைச் சுற்றுச்சூழல் நாவல் என்று சொல்லிவிடுவது வழக்கம். 1988 டிசம்பரில் கொல்லப்பட்ட பிரேசிலின் இறப்பர்த் தொழிலாளர் தலைவர் சிக்கோ மென்டிஸுக்கு ஆசிரியர் இதனைக் காணிக்கையாக்கியிருப்பதும் அதற்கொரு காரணம். அந்த வாசிப்பு தவறன்று, ஆனால் போதாது. நான் இதை முதன்மையாகக் குடியேற்றத்தைப் பற்றிய நாவலாகவே வாசிக்கிறேன்.

கதைநாயகர் அந்தோனியோ ஹொசே பொலிவார் மலைநாட்டு ஏழை விவசாயி. மனைவிக்குக் குழந்தை இல்லை என்ற ஊர்ப்பேச்சு பொறுக்கமாட்டாமல், காட்டில் காணி தருவதாக அரசு சொன்ன வாக்கை நம்பி அவளோடு புறப்படுகிறார். கிடைத்தவை இரண்டு ஹெக்டேயர் காடு, சில கத்திகளும் மண்வெட்டிகளும், வண்டரித்த விதைகள், பின்னர் வருவதாகச் சொன்ன தொழில்நுட்ப உதவி. அந்த உதவி கடைசிவரை வரவில்லை. வெட்ட வெட்டக் காடு முளைக்கிறது. மழை வந்து விதைத்ததை வாரிக்கொண்டு போகிறது. இரண்டாம் ஆண்டிலேயே மனைவி காய்ச்சலில் இறந்துபோகிறாள். வெறுங்கையோடு ஊருக்குத் திரும்ப அவருக்கு முகமில்லை. இரங்கி வந்து வேட்டையும் மீன்பிடியும் கற்றுக்கொடுப்பவர்கள், யாருடைய நிலத்தில் அவர் குடியேற்றப்பட்டாரோ அந்த சுவார் மக்கள்.

இதன் பின்னாலுள்ள வரலாறு கற்பனையன்று. எக்குவடோர் 1964இல் காணிச் சீர்திருத்தத்துக்கும் குடியேற்றத்துக்குமான சட்டத்தைக் கொண்டுவந்தது. மலைநாட்டில் பெருநிலக்காரரை அதிகம் நோகடிக்காமல் காணியற்றவர்களைக் கிழக்கே அனுப்பிவிட அது வழி செய்தது. வெட்டித் திருத்தப்படாத காடு ஆளில்லா நிலமாகக் கணிக்கப்பட்டது. காட்டை அழித்தவருக்கே அதன்மேல் உரிமை என்றாகியது. தம் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள சுவார் மக்களே காட்டை வெட்டி மாடு வளர்க்க வேண்டியதாயிற்று.

குடியேற்றத் திட்டம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயா முதல் அந்தச் சொல் ஈழத்தமிழர் அரசியலில் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று இங்கே விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இந்நாவல் நம்மைச் சங்கடப்படுத்த வேண்டும். நாம் அந்தச் சொல்லை எந்தப் பக்கத்திலிருந்து அறிந்தோமோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஒருவரோடு செபுல்வேதா நம்மை நெருங்கவைக்கிறார். திட்டத்தைத் தீட்டியவரும் மண்வெட்டி பிடித்தவரும் ஒருவரல்லர். இதை ஒப்புக்கொள்வதால் நிலமிழந்தவரின் வழக்கு பலவீனப்படுவதில்லை. குற்றவாளி யார் என்பது இன்னும் தெளிவாகிறது.

பொலிவார் சுவார்களிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார். மொழியும் காடும் பழகுகின்றன. ஆயினும் அவர் அவர்களில் ஒருவராவதில்லை. நண்பன் நுஷிஞோ வெள்ளையர் சுட்ட குண்டில் சாகும்போது, பழிவாங்கும் கடமை அவருக்கு வருகிறது. நஞ்சூட்டிய ஊதுகணையால் கொல்ல வேண்டியவர் துப்பாக்கியால் கொன்றுவிடுகிறார். பண்பாட்டின் கணக்கில் அது மன்னிக்க முடியாத பிழை. சுவார்கள் அழுதபடியே அவருக்கு வள்ளம் கொடுத்து அனுப்பிவிட்டு, கரையில் பதிந்த அவரது காலடிகளை அழித்துவிடுகிறார்கள். எத்தனை ஆண்டு வாழ்ந்தும் ஒரு சமூகத்தின் நுண்விதி ஒன்றில் இடறி வெளியாளாகிப்போவது என்னவென்று, இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இருபக்கமும் தெரியும்.

எல் இடிலியோவுக்கு வந்தபின்தான், ஒரு தேர்தலின்போது, தனக்கு வாசிக்கத் தெரியும் என்பதை அவர் கண்டுபிடிக்கிறார். 1979இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புவரை எழுத்தறியாதவருக்கு அந்நாட்டில் வாக்குரிமை இருக்கவில்லை. ஆகவே வாக்குச்சீட்டுக் கொண்டுவந்த அலுவலர்கள் வாசிக்கத் தெரியுமா என்று கேட்பது வெறும் நகைச்சுவையன்று. அன்றுமுதல் அவருக்கு வேண்டியவை காதல் நாவல்கள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அசை அசையாகக் கூட்டி வாசிக்கிறார். வெனிஸ் நகரத்து வள்ளங்களைப் பற்றிய வரி வந்ததும், காட்டு வேட்டைக்காரர்கள் கூடியிருந்து, தண்ணீரின் நடுவே ஏன் ஒரு நகரைக் கட்டினார்கள் என்று விவாதிக்கும் பகுதி அருமையானது. வாசிப்பது என்றால் என்ன என்று அதைவிட எளிமையாகச் சொன்ன பக்கங்கள் குறைவு.

இதே மனிதர் காயத்தையும் வாசிக்கிறார். ஒரு வெள்ளையனின் பிணம் வருகிறது. சுவார்கள்தான் கத்தியால் வெட்டினார்கள் என்று மேயர் உடனே தீர்ப்புச் சொல்கிறார். கிழவர் வெட்டின் போக்கைப் பார்க்கிறார், மணத்தை முகர்கிறார். அது குட்டிகளைப் பறிகொடுத்த பெண் சிறுத்தையின் நகம் என்கிறார். செத்தவனின் பையிலிருந்து குட்டிகளின் தோல்கள் வெளிவருகின்றன. அதிகாரம் வாசிக்காமலே தீர்ப்பெழுதும், அனுபவம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் என்ற இந்த முரண்தான் நாவலின் முதுகெலும்பு.

குறைகளும் உண்டு. இந்நாவலில் ஒரு பெண் சிறுத்தைக்குக் கிடைத்த அகவாழ்வு ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. நீண்ட பெயர் கொண்ட மனைவி சுவரில் தொங்கும் படமாக மிஞ்சுகிறாள். குவாயாகில் நகரிலிருந்து கிழவருக்காக நாவல்களைத் தெரிந்து அனுப்புபவள் ஒரு பாலியல் தொழிலாளி. கதையின் மிகச் சிறந்த வாசகி அவளாகவே இருக்கக்கூடும். அவளுக்கு ஒதுக்கப்பட்டவை சில வரிகள். சுவார்களும் ஞானமுள்ள காட்டு மக்கள் என்ற பழைய அச்சிலேயே வார்க்கப்படுகிறார்கள். எழுத்து கிழவருக்கு உரியது, காடு அவர்களுக்கு உரியது என்ற பங்கீடு கேள்வியின்றிப் போகிறது. உண்மையில் சுவார்கள் 1964இலேயே தமக்கென்று கூட்டமைப்பை நிறுவியவர்கள். 1970களில் வானொலி வழியாகத் தம் மொழியிலும் ஸ்பானியத்திலும் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். வாசிக்கும் சுவார் ஒருவர் இந்த நாவலுக்குள் வந்திருந்தால், கிழவரின் தனிமையும் வேறு நிறம் கொண்டிருக்கும்.

செபுல்வேதா பினோசேயின் சிறையில் இருந்தவர். நாட்டைவிட்டு வெளியேறியபின் சுவார்களோடு சில மாதங்கள் வாழ்ந்தார். பின்னர் ஹம்பர்க்கில் நெடுங்காலம் குடியிருந்தார். 2020 ஏப்ரலில் ஸ்பெயினில் கொரோனாவுக்குப் பலியானார். இழந்த ஊரை எழுதாமல், தான் விருந்தாளியாக இருந்த இன்னொருவரின் நிலத்தை எழுதிய அகதி அவர். நம் புலம்பெயர் எழுத்து பெரும்பாலும் விட்டுவந்த வீட்டு முற்றத்தையே சுற்றுகிறது. நாம் வந்து குடியேறிய கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி அதில் அபூர்வமாகவே எழுகிறது. அகதியாக வந்தவருக்கும் அந்தக் கேள்வி உண்டு. கடைசியில் சிறுத்தையைக் கொன்றுவிட்டுத் துப்பாக்கியை ஆற்றில் எறியும் கிழவர், வெள்ளையனையும் மேயரையும் சபித்தபடி தன் குடிசைக்கும் காதல் கதைகளுக்கும் திரும்புகிறார். அந்தக் குடிசையும் இன்னொருவர் நிலத்தில்தான் நிற்கிறது.