சாரலில் ஒரு இனிப்புமானி

ஆறு வாரங்களாக என் சட்டைப் பையில் ஒரு சாண் நீளமுள்ள உலோகக் குழல் வாசம் செய்கிறது. பழச்சாற்றில் இரண்டு சொட்டை அதன் கண்ணாடி முகத்தில் விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தை நோக்கிக் கண்ணில் வைத்தால், மேலே நீலமும் கீழே வெண்மையும் சந்திக்கிற கோட்டில் இனிப்பின் அளவு நிற்கும். நூறு கிராம் சர்க்கரைக் கரைசலில் ஒரு கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு பிரிக்ஸ். இந்த ரிஃப்ராக்டோமீட்டரின் மற்ற லட்சணங்கள் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன.

இதை வாங்கியதற்குக் காரணம் ஒரு சிவப்பு ஒயின். கலிபோர்னியாவிலிருந்து வந்த மைத்துனர் கொண்டுவந்த, சோனோமா கடற்கரைப் பிரதேசத்துப் பினோ நுவார் அது. நாவற்பழத்தின் துவர்ப்பு நீங்கி ரசம் மாத்திரம் நாவில் தங்கினாற்போல், பழம் முன்னே வந்து நிற்கும் சுவை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பெட்டலூமா என்ற ஊரை ஒட்டிக் குன்றுகள் தாழ்ந்த இடைவெளியில் பசிபிக் சமுத்திரத்தின் குளிர்காற்றும் பனிமூட்டமும் உள்ளே புகுகின்றன. அதனால் திராட்சை நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பும் கெடுவதில்லை. 2017-இல் அந்த இடைவெளியையே தனித் திராட்சைப் பிரதேசமாக அந்நாட்டு அரசாங்கம் அங்கீகரித்தது. இதைக் கேட்டபோது எனக்குச் செங்கோட்டைக் கணவாய்தான் ஞாபகம் வந்தது. மேற்கே மலை தாழ்ந்த அந்த வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து குற்றாலத்துக்குச் சீசனைக் கொடுக்கிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நம் மேல்துண்டைப் பறிப்பதும் அந்தக் காற்றே.

முதல் பரீட்சையே அந்த ஒயின்தான். கருவி எட்டு காட்டியது. சர்க்கரை கலந்திருக்கிறார்கள் என்றே ஒரு வாரம் நம்பினேன். பிறகுதான் தெரிந்தது: குழல் சர்க்கரையை எண்ணுவதில்லை, ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் பார்க்கிறது, சாறு நொதித்தபின் அதிலுள்ள சாராயமும் ஒளியை வளைப்பதால், சர்க்கரை அநேகமாகத் தீர்ந்துபோன ஒயினிலும் ஒரு எண் நிற்கத்தான் செய்யும். இத்தனை முக்கியமான சங்கதியைக் கூட வந்த துண்டுக் காகிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? விற்பவர்களின் இந்த அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் ஐந்தருவிச் சாலையின் பழக்கடைகளுக்கு இதைக் கொண்டுபோன நாட்கள் ஆனந்தமானவை. மங்குஸ்தானின் தடித்த தோலைப் பிளந்து வெண்சுளையைக் கசக்கியபோது 18. ரம்புட்டான் அதற்கு ஒரு கோடு மேலே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை முதல் பெட்டியில் 17 காட்டியது. அதே பழம் மறுநாள் 14-க்கு இறங்கியதும் நான் வியாபாரியிடம் முறையிட்டேன். அவர் பழத்தையும் என் ஈரக் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கண்ணாடியில சாரல் விழுந்து கெடக்கே, தொடச்சிட்டுப் பாருங்க" என்றார். துடைத்தேன்; கோடு 17-க்கே ஏறியது. ஒரு துளி மழைநீர் மூன்று பிரிக்ஸை விழுங்கியிருந்தது.

துளியைத் துடைத்துவிடலாம். துடைக்க முடியாத குறை ஒன்று இருக்கிறது, இந்த ஆறு வாரங்களும் அதோடுதான் போயின. இக்கருவிக்கு உயிர் வெளிச்சம். குற்றாலத்தில் ஆனியும் ஆடியும் வெளிச்சத்துக்குப் பஞ்சமான மாதங்கள். மேகம் மலையிலிருந்து இறங்கி அருவியின் சத்தத்தை மட்டும் விட்டு மற்றெல்லாவற்றையும் மறைத்துவிடும்போது, நீலமும் வெண்மையும் ஒன்றிலொன்று கரைந்து, கோடு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் பட்டைதான் மிஞ்சுகிறது; சிவந்த திராட்சைச் சாறானால் அதுவும் இல்லை. கைப்பேசியின் விளக்கைப் பிடித்தால் ஓரளவு தெளிகிறது. ஆனால் நான்காம் வாரத்திலிருந்து குழலுக்குள்ளேயே ஈரம் புகுந்து, கண்வைக்கும் வில்லையின் உட்புறத்தில் ஆவி படிந்துவிட்டது. துணிக்கு எட்டாத இடம். பழத்தோட்டத்தில் நின்று பார்ப்பதற்கென்றே செய்த கருவிக்கு மழை தாங்கும் ஒரு ரப்பர் வளையம் போடாமல் விட்டது பெரும் பிழை என்பதே என் அபிப்பிராயம்.

போன ஞாயிறு மாலை அரைமணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தது. ஓடிப்போய் ஒரு பன்னீர்த் திராட்சையை நசுக்கிக் கண்ணில் வைத்தேன். புகைக்கு அப்பால் நீலம் மட்டுமே தெரிந்தது. அன்றிரவு வீட்டில் குழலைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். அரிசி ஈரத்தை இழுத்துவிடுமாம். இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. வெளியே சாரல் விட்டபாடில்லை.