உப்பு வழியில் சனி ஞாயிறு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற எல்லோரும் மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்திருப்பார்கள். காரின் வேகத்தில் அது ஒரு வெள்ளைக் கோடு. கொஞ்சம் குவியல், கொஞ்சம் கண்கூச்சம், அவ்வளவுதான். “இன்னும் அரை மணியில பாண்டி” என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் பின்னால் போய்விடும். இறங்கி வரப்பில் நடக்கிறவருக்குத்தான் அது வெள்ளையே இல்லை என்பது தெரியும்.

உவர்நீர் வந்து தேங்கும் முதல் பெரிய பாத்தி சாதாரணக் குளத்தின் நிறத்தில் இருக்கிறது, மண் கலந்த பச்சை. அங்கிருந்து மடை திறந்து அடுத்ததற்கு விடுகிறார்கள். அங்கே பச்சை தெளிந்து, தரையின் சாம்பல் நிறம் மேலே தெரிகிறது. அதற்கும் அடுத்ததில் தண்ணீர் கனத்து, லேசாகப் பழுப்பேறி, காற்று வீசினாலும் அலை எழும்ப யோசிக்கிறது. கடைசிப் பாத்திகளில் வெயில் சாய்ந்து விழும்போது இளஞ்சிவப்பு தட்டும். அது வானத்தின் பிரதிபலிப்பு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். வேறு எதுவும் பிழைக்க முடியாத அந்த உவர்ப்பில் வாழும் நுண்ணுயிர்களும் பாசியும் ஏற்றுகிற நிறம் அது. பூநாரையின் இறகுச் சிவப்பும் அதே சரக்குதான். அந்தப் பாசியையும், பாசியைத் தின்ற சிறு இறால்களையும் தின்றுதான் பறவை சிவக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அவை எல்லாம் சாப்பாட்டு உப்பு இல்லை என்பதில்தான் இந்தத் தொழிலின் நுட்பமே இருக்கிறது. நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். பத்துக் குடம் கடல்நீர் ஒரு குடமாக வற்றிய பிறகே நமக்கு வேண்டிய உப்பு கண் திறக்கும். நீரின் அடர்த்தியை அளக்கும் கருவியை மிதக்கவிட்டால் போமே அளவில் 25 டிகிரி காட்டும். அப்படியே விட்டால் 29, 30 என்று ஏறும்போது மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பு தட்டிவிடும். ஆகவே 25-க்கும் 29-க்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் உப்பை வாங்கிக்கொண்டு, மிச்சக் கசப்பு நீரை வெளியே தள்ளிவிட வேண்டும். பழகியவர்களுக்குக் கருவி ஒரு சாட்சிக்குத்தான். “தண்ணிய தொட்டு விரலைத் தேய்ச்சா வழுக்கணும் தம்பி” என்றார் ஓர் அம்மா. தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் தொட்ட விரல் மாதிரி வழுக்கியது.

காற்று அடங்கிய நேரத்தில் கடைசிப் பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். தண்ணீரின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் புள்ளிகள் மிதக்கும். ஒவ்வொன்றும் ஒரு சதுரம். உப்புக்குச் சதுரத்தைத் தவிர வேறு வடிவம் தெரியாது. மிதக்கிற சதுரம் கனம் தாங்காமல் ஓர் இழை தாழும். தாழ்ந்த சதுரத்தின் விளிம்பைச் சுற்றி நீர்மட்டத்தில் இன்னொரு சதுரச் சட்டம் வளரும். மறுபடி தாழும், மறுபடி ஒரு சட்டம். கடைசியில் கைக்கு வருவது கோயில் குளத்துப் படிக்கட்டின் பொடி வடிவம். நான்கு பக்கமும் படி இறங்கி நடுவில் குழிந்திருக்கும். விரலில் ஒற்றி எடுத்தால் நகத்தில் பாதி அகலம்கூட இல்லை. காற்று ஒருமுறை வீசினால் எல்லாம் உடைந்து அடியில் போய் வெறும் கல்லுப்பாகிவிடும். பிரான்ஸின் கெராந்து உப்பளங்களில் இந்த மேற்படலத்தை மட்டும் தனியாக வழித்தெடுத்து, ‘உப்பின் பூ’ என்று பெயர் வைத்து, சாதாரண உப்பைப் போல் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். நம் ஊரில் இது மூட்டையோடு மூட்டையாகப் போய்விடுகிறது.

ஐரோப்பாவை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. நானும் என் நண்பனும் சில வருடம் ம்யூனிக்கில் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆனால் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பயர்ன் டிக்கெட் ஒன்று எடுத்தால் பவேரியாவின் உள்ளூர் ரயில்களில் நாள் முழுக்கச் சுற்றலாம். எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரைக்கும் அது செல்லும். சால்ஸ்பர்க், ஹாலைன், பெர்ஷ்டெஸ்காடன், பாட் ரைஷன்ஹால் என்று நாங்கள் விரும்பிப் போன ஊர்களை வரிசைப்படுத்தினால் எல்லாம் உப்பூர்கள். ம்யூனிக் பிறந்ததே உப்பால்தான். 12-ஆம் நூற்றாண்டில் உப்பு வண்டிகள் ஈசார் ஆற்றைக் கடந்த பாலம் ஒரு பிஷப்புக்குச் சொந்தம். பவேரியக் கோமகன் ஹென்றி அதை இடித்துவிட்டு, வண்டிகள் தன் பாலம் வழியாக வரும்படி செய்தான். சுங்கம் அவன் பைக்குப் போயிற்று. 1158-ல் பேரரசர் அதற்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டார்.

சால்ஸ்பர்க்கில் எல்லோரும் மோட்சார்ட் பிறந்த வீட்டின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். நண்பனுக்கு அந்த வரிசை ஆகாது. அவன் மலைக்கோட்டையைக் காட்டி வோல்ஃப் டீட்ரிஷ் கதையைச் சொல்வான். மிராபெல் மாளிகையைக் கட்டிய பேராயர் அவர். பக்கத்து பெர்ஷ்டெஸ்காடன் உப்பின்மேல் ஆசைப்பட்டு 1611-ல் பவேரியாவோடு மோதினார், தோற்றார். சொந்தக் கோட்டையிலேயே கைதியாக இருந்து 1617-ல் இறந்தார். “உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்களேடா, அது இவர்தான்” என்பான்.

பாட் ரைஷன்ஹாலில் பார்த்த ஒரு செய்தி மரக்காணத்தில் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அங்கே வெயிலை நம்பி உப்பு விளைவிக்க முடியாது. ஊற்றில் வரும் உவர்நீரை விறகு வைத்துக் காய்ச்ச வேண்டும். காய்ச்சிக் காய்ச்சிச் சுற்றுவட்டாரத்துக் காட்டு மரம் போதாமல் போயிற்று. மரத்தை நீரிடம் கொண்டுவருவதைவிட நீரை மரத்திடம் கொண்டுபோவது லாபம் என்று கணக்குப் போட்டு, 1619-ல் டிரௌன்ஷ்டைன் வரைக்கும் சுமார் 31 கிலோமீட்டருக்கு மரக்குழாய் போட்டார்கள். இங்கே விறகும் வேண்டாம், குழாயும் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயில் போதும். அந்த வெயில் யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. ஒன்று சொல்வேன்: சால்ஸ்பர்க்கில் உப்பின் பணத்தைப் பார்க்கலாம், உப்பைத் தேட வேண்டும். மரக்காணத்தில் உப்பைப் பார்க்கலாம், பணத்தைத்தான் காணோம்.

இப்போது அவன் புதுச்சேரியில், நான் சென்னையில். சந்திக்க நடுவில் ஓர் ஊர் வேண்டும். மாமல்லபுரத்தில் கூட்டம், ஆகவே மரக்காணம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து 35. அவன் சீக்கிரம் வந்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பான்.

வருகிற வழியில் கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. நாணயச் சாலை இருந்த இடம். இன்று செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அலையோடு வழக்காடிக்கொண்டிருக்கின்றன. இந்த வட்டாரம்தான் இடைக்கழிநாடு, சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் நாடு. அந்தப் பாட்டில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஊருக்குள் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன; வெயில் ஏறியபின் நிழலுக்கும் அதுதான் சரியான இடம். ஆந்திரத்திலிருந்து கடலை ஒட்டியே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாயும் மரக்காணத்துக்கு வந்துதான் முடிகிறது. பெல்ஜியத்தின் ப்ரூஷ் நகரத்தில் ஒரு சின்னக் கால்வாயைப் படகில் சுற்றிக் காட்டக் காசு வாங்குகிறார்கள். நம் கால்வாயின் கடைசி முனைக்கு நான் பார்த்தவரை ஒரு பலகைகூட இல்லை.

உப்பளத்துக்கு மேற்கே கழுவெளி. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்புகளில் ஒன்று இது. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவித்தார்கள். கழுவெளி வரைக்கும் போகாமலே பாத்தி ஓரத்தில் பவழக்காலிகள் கிடைக்கும். உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் சிவந்த கால்கள். ஒரு காலை நீரிலிருந்து எடுத்து, சொட்டுகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த அடி வைக்கிறது.

நான் கண்ணெடுக்காமல் பார்ப்பது உப்பு வாருவதை. விடியுமுன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள். நீண்ட கழியின் முனையில் பலகை. அதை அழுத்தினால் அடியிலுள்ள சேறு வரும். தூக்கினால் உப்பு தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கை எடை இருக்கிறது. பலகை சரசரவென்று வருகிறது, முன்னால் உப்பு மடிந்து மடிந்து குவிகிறது, பின்னால் தரை வழித்தது போல் கறுப்பாகத் தெரிகிறது. சேறு ஒரு பொட்டுக்கூடக் கிளம்பவில்லை. அந்தத் தரையும் தானாக அமையவில்லை. பருவத் தொடக்கத்தில் நாள் கணக்காகக் காலால் மிதித்து மிதித்து இறுக்கியது. மிதித்த பாதங்களில் வெடிப்பு ஆறுவதே இல்லை. வெயில் ஏறினால் வெண்மை கண்ணைக் குத்தும். வருடக்கணக்கில் அதைப் பார்த்தவர்களுக்குப் பார்வை மங்குகிறது. அக்டோபரில் மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது உப்பளம் முழுக்க ஒரே ஏரி. மழைக்கால மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தர அரசு 2022-ல் முடிவெடுத்தது. கைத்திறனுக்கும் அந்தத் தொகைக்கும் ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.

போகிறவர்கள் பிப்ரவரியிலிருந்து ஜூலைக்குள், சூரியன் வருமுன் போய்ச் சேருங்கள். வரப்பில் ஏறுமுன் அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். படம் எடுக்கிற ஆசையில் பாத்திக்குள் மட்டும் இறங்காதீர்கள். மிதித்து இறுக்கிய தரை ஒரு செருப்புத் தடத்தில் கிளறிக்கொள்ளும். அந்த இடத்து உப்பு மண்ணோடு வரும், மண் கலந்த உப்புக்கு வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார்.