வாயில் கறையா? நாவல் கறையாக இருக்கட்டும்!

ஆனி மாதம் எங்கள் தெருமுனையில் நாவல்பழத் தள்ளுவண்டி வந்து நின்றுவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். "அக்கா, ஜம்பு நாவல் பெருசு பெருசா இருக்கு, எடுத்துக்குங்க" என்பார் வண்டிக்காரர். நானோ பொடிப்பொடியாக, கன்னங்கரேலென்று கிடக்கும் நாட்டு நாவலைத்தான் அள்ளுவேன். உப்பில் புரட்டி வாயில் போட்டால் முதலில் புளிப்பு, பின்னாலேயே இனிப்பு, கடைசியில் தொண்டையைப் பிடிக்கிற துவர்ப்பு. அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்க்கவேண்டும். இந்த வயதிலும் அதை விட்டதில்லை!

அந்த ஊதாக் கறைக்குப் பெயர் ஆந்தோசயனின் என்று தெரிந்த நாளிலிருந்து என் பைத்தியம் முற்றிவிட்டது. பழத்தோலை வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றை மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினேன். ஒன்றை அப்படியே விட்டேன். இரண்டாவதில் எலுமிச்சை பிழிந்தேன், பளீரென்று சிவந்தது. மூன்றாவதில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. நீலம் பாய்ந்து பச்சைக்குத் திரும்பியது. பேரன் கைதட்டினான், நானும் தட்டினேன்.

கூத்து காட்டுகிற இந்தச் சாயத்துக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோனர் குழுவினர் இதே சாயம் நிறைந்த கறுப்பு ராஸ்பெர்ரியை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, எலிகளின் தீனியில் 5, 10 சதவீதம் கலந்து கொடுத்தார்கள். ரசாயனம் கொடுத்து உணவுக்குழாயில் வரவழைத்த கட்டிகள் அந்த எலிகளுக்குக் குறைந்தன. அதே பழத்தைக் களிம்பாக்கி, புற்றாக மாறக்கூடிய வாய்ப்புண் உள்ளவர்களுக்குத் தடவியபோது சிலருக்குப் புண் சுருங்கியது. நம் நாவலும் சளைத்ததல்ல. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாவல் சாறு மார்பகப் புற்றுச் செல்களை ஆய்வுக்கூடத்தில் சாகடித்தது. நல்ல செல்களை விட்டுவைத்தது. படித்துவிட்டு வண்டிக்காரரிடம் ஓடி இன்னும் அரைக் கிலோ வாங்கினேன்!

வாய், உணவுக்குழாய், பெருங்குடல் என்று ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போவதற்கும் காரணம் உண்டு. இந்த நிறமி ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேர்கிறது. மிச்சம் குடலில் இறங்க, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைச் சின்னச் சின்ன அமிலங்களாக உடைக்கின்றன. ஆகவே பழம் நேராகத் தொட்டுப் போகிற இடங்களில்தான் நம்பிக்கை அதிகம்.

அதற்காக நாவல்பழம் புற்றுநோய்க்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டர் சொல்வதைத்தான் கேட்கவேண்டும். புகையிலையை அதக்கிக்கொண்டே என்னிடம் பழம் கேட்ட என் சித்தப்பாவிடம் சொன்னேன்: "சித்தப்பா, அதைத் துப்பிட்டு வாங்க, இதைத் தர்றேன்." வாய்ப் புற்றை வரவழைப்பது புகையிலை என்பதில் சந்தேகமே இல்லை. உங்கள் வாயில் கறை படிந்தே ஆகவேண்டும் என்றால், அது நாவல் கறையாக இருக்கட்டும்.