மேடையில் மாண்டவர்

நாடகம் முடிகிறது. திரை விழுகிறது. மடமை மாண்டது, மதி வென்றது என்று மகிழ்ந்து, கைதட்டிக் கலைகின்றனர் மக்கள். ஜெரோம் லாரன்சும் ராபர்ட் லீயும் சேர்ந்தெழுதி 1955-இல் அரங்கேறிய ‘இன்ஹெரிட் தி விண்ட்’ எனும் அமெரிக்க நாடகத்தைத்தான் சொல்லுகிறேன். 1960-இல் ஸ்டான்லி கிராமர் அதைத் திரைப்படமாக்கினார். ஸ்பென்சர் டிரேசியின் நடிப்பு அதற்கு மேலும் புகழ் சேர்த்தது. பகுத்தறிவாளர் நெஞ்சிலே அந்நாடகத்துக்குத் தனி இடம் உண்டு. இருக்கட்டும். ஆனால் கேட்கிறேன், தோழர்களே: மகிழ வைத்த அந்நாடகம் நம்மை விழிக்க வைத்ததா? உறங்க வைத்தது என்பதே என் வழக்கு.

கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஹில்ஸ்பரோ எனும் சிற்றூர். பெர்ட் கேட்ஸ் எனும் இளம் ஆசிரியர் பரிணாமக் கொள்கையைப் பாடம் சொன்னார், சட்டப்படி அது குற்றம், சிறையிலே தள்ளினர். அவரைத் தண்டிக்க வருகிறார் பிராடி — மறைநூலைக் கரைத்துக் குடித்தவர், குடியரசுத் தலைவர் பதவிக்கு மும்முறை நின்று தோற்றவர், பெருந்தீனிக்காரர். காக்க வருகிறார் வழக்கறிஞர் டிரம்மண்ட். பிராடியையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, கேள்விமேல் கேள்வி கேட்டு, ஊரார் சிரிக்க வைக்கிறார். ஆசிரியருக்குத் தண்டம் 100 டாலர். பிராடியோ, பேச எண்ணிய பேச்சைப் பேசி முடிக்காமலே மன்றத்தில் சாய்ந்து, மாண்டு போகிறார்.

நல்ல காட்சிகள் இல்லாமல் இல்லை. வேலை போகுமே, ஊர் தூற்றுமே, காதலித்த பெண் — அவள் அவ்வூர்ப் போதகரின் மகள் — கலங்குகிறாளே என்று கேட்ஸ் தவிக்கும் இடங்கள் மெய்யானவை. சுண்ணக்கட்டியைப் பிடித்த கை எவ்வளவு எளிதில் நடுங்கும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிவர். குறுக்கு விசாரணைக் காட்சியோ, மேடைக்கலை பயில்வோர் மனப்பாடம் செய்யத்தக்கது.

மெய்வழக்கு நடந்தது 1925 ஜூலையில், டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரில். ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ், அகவை 24. அவர் சிறையில் வாடவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் மருந்துக்கடையிலே கூடிப் பேசி, ஊருக்கு விளம்பரம் கிட்டும் என்று தாமே தொடங்கி வைத்த வழக்கு அது! போதகர் மகள் நாடகாசிரியர் படைத்த பெண். டிரம்மண்டாக மேடையேறும் கிளாரன்ஸ் டாரோ குறுக்கு விசாரணை செய்தது மெய். பிராடியாக மேடையேறும் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் தடுமாறியதும் மெய். ஆனால் பிரையன் மன்றத்திலே மடியவில்லை. தீர்ப்புக்கு ஐந்து நாள் கழித்து உறக்கத்திலே உயிர் துறந்தார்.

‘இது வரலாறன்று’ என்று நாடகாசிரியர்களே முன்னுரையில் கூறிவிட்டனர். மெக்கார்த்தியின் வேட்டை நடந்த காலம். எண்ணும் உரிமையைக் காக்க, பழைய வழக்கொன்றைக் கருவியாக்கினர். அதில் குற்றமில்லை. நாளையும் கிழமையையும் மாற்றினார்கள் என்று சண்டை பிடிப்பது புலவர் வேலை. என் குறை வேறு: மாற்றானை அவர்கள் முட்டாளாக்கி விட்டார்கள். முட்டாளைக் கண்டு யார் அஞ்சுவர்?

யார் இந்தப் பிரையன்? 1896-இல், 36 வயதிலே, வங்கிகளுக்கும் பெருமுதலாளிகளுக்கும் எதிராக உழவர் பக்கம் நின்று தேர்தல் களத்தைக் கலக்கியவர். வருமான வரி வேண்டும், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றவர். பிலிப்பைன்சை அமெரிக்கா அடிமை கொள்வதை எதிர்த்து 1900-இல் தேர்தலில் நின்றவர். 1906-இல், இந்தியாவில் வெள்ளையர் ஆட்சி செய்யும் கொடுமைகளைக் கண்டித்து எழுதியவர்! போர் வேண்டாமென்று 1915-இல் வெளியுறவு அமைச்சர் பதவியைத் துறந்தவர். பிராடி ஒரு காலத்தில் பெரியவராக இருந்தார் என்று டிரம்மண்ட் இறுதியில் சொல்லுகிறார். சொல்லத்தான் சொல்லுகிறார், நமக்குக் காட்டப்படுவதோ பெருந்தீனியும் பிதற்றலுமே.

இத்தகைய மனிதர் பரிணாமக் கொள்கையை ஏன் வெறுத்தார்? மறைநூலுக்கு மாறானது என்பது ஒன்று. வலியவன் எளியவனை மிதிப்பதற்கு அக்கொள்கை நியாயம் கற்பிக்கிறது என்ற அச்சம் மற்றொன்று. அந்த அச்சம் முற்றிலும் கற்பனையன்று. ஸ்கோப்ஸ் வழக்கின் பாடநூலான ஹண்டரின் உயிரியல் நூலைப் புரட்டுங்கள்: மக்களை ஐந்து இனமாகப் பிரித்து, வெள்ளையரை உயர்ந்தோர் என்கிறது, ‘தாழ்ந்த’ குடும்பங்கள் பெருகாமல் தடுப்பது பற்றியும் பாடம் சொல்லுகிறது. மேடையில் அந்தப் பக்கம் திறக்கப்படவில்லை. அதற்காகப் பிரையனுக்கு மாலை சூட்டவும் நான் வரவில்லை. 1924-இல் தம் கட்சி மாநாட்டிலே, கூ கிளக்ஸ் கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டாமென்று வாதாடியவரும் அவரேதான்! நல்லதும் தீயதும் பின்னிக் கிடக்கும் அந்த மனிதரை மேடையேற்றியிருந்தால், பார்ப்போர் கைதட்டுவதை நிறுத்திச் சற்றே எண்ணியிருப்பர்.

நாடகத்தின் முடிவுக்கு வருவோம். பிராடி பேசத் துடிக்கிறார். வானொலிக்காரர் இடைமறித்து, நேரமாயிற்று என்று ஒலிபரப்பை இசைக்கு மாற்றி விடுகிறார். அந்தக் கிழக்குரலை இனி யாரும் கேட்கப் போவதில்லை. மறைநூல் அரசியல் முடிந்தது — இதுவே காட்சியின் பொருள். என்னே விந்தை! மெய்யுலகிலே அந்த வானொலியைத்தான் அவர்கள் கைப்பற்றினார்கள். 1930-களில் சார்லஸ் ஃபுல்லரின் மறைப் பேச்சு நாடு முழுதும் ஒலித்தது. டாரோ வென்றதாக ஏடுகள் எழுதிக் கொண்டிருக்கையில், பாடநூல் வெளியிடுவோர் பரிணாமம் எனும் சொல்லையே சத்தமின்றி நீக்கினர். டென்னசிச் சட்டம் 1967 வரை சாகவில்லை. நகைப்புக்கு ஆளானோர் நாட்டின் பொது மேடையை விட்டு விலகினர். விலகி, பள்ளி கட்டினர், கல்லூரி கட்டினர், சபை கட்டினர்.

திரும்பி வந்தார்கள். வந்த வழியைப் பாருங்கள். வர்ஜீனியா மாநிலத்துப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல், 1965-இல், போதகனுக்கு அரசியல் ஏன் என்று பேசினார். கறுப்பின மக்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் போன்ற போதகர்கள் தெருவிலே நடந்த காலம் அது; அவர்களுக்குச் சொன்ன அறிவுரை! அதே ஃபால்வெல் 1979-இல் ‘மாரல் மெஜாரிட்டி’ எனும் அரசியல் அமைப்பைத் தொடங்கினார். மதம் அரசியலில் நுழைவது அவருக்குப் பாவமாயிருக்கவில்லை. எவருக்காக நுழைகிறது என்பதே கேள்வி.

கருக்கலைப்பே அவர்களைக் களத்துக்கு இழுத்தது என்று பலரும் நம்புகின்றனர். அவ்வளவு எளிதன்று. தென்பகுதி பாப்டிஸ்டு சபை மாநாடு 1971-இல், சில நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் செய்தது. இயக்கத்தைக் கட்டிய பால் வெய்ரிச், தம் ஆட்களை உசுப்பியது வேறு என்று தாமே கூறியிருக்கிறார்: நிறவேற்றுமை காட்டும் மறைப்பள்ளிகளுக்கு வரிவிலக்கு இல்லை என்று அரசு நெருக்கியதாம். பணப்பெட்டியிலே கைவைத்த பிறகு பரலோகம் விழித்துக் கொண்டது! பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் அத்தகைய வழக்கு 1983-இல் உச்சநீதிமன்றத்திலே தோற்றது.

1980 ஆகஸ்டில் டாலஸ் நகரிலே போதகர்களின் பெருங்கூட்டம். குடியரசுக் கட்சி வேட்பாளர் ரீகன் வந்தார். நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது, நான் உங்களை ஆதரிக்கிறேன் என்ற கருத்துப்படப் பேசினார். திருச்சபைகள் வேட்பாளரை ஆதரிக்க 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடையாயிருந்தது. பரிணாமம் வெறும் கொள்கைதான் என்று செய்தியாளரிடமும் சொன்னார். டாலஸ்! 1955-இல் பிராடி முதன்முதலில் மாண்டது அந்த நகரத்து மேடையிலேதான்.

பிறகு நடந்தது பிதற்றலன்று, கணக்கு. 1988-இல் தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன், அயோவா மாநில வேட்பாளர் தேர்விலே துணைத் தலைவர் புஷ்ஷையே பின்னுக்குத் தள்ளினார். மறு ஆண்டு அவர் தொடங்கிய ‘கிறிஸ்டியன் கோயலிஷன்’, எந்த வேட்பாளர் எதற்கு ஆம் என்றார், எதற்கு இல்லை என்றார் என்று அட்டவணை அச்சிட்டு, சபை வாசலிலே கொடுத்தது. இவருக்கு வாக்களி என்று அதில் ஓரெழுத்தும் இராது. இருக்க வேண்டிய தேவையுமில்லை! பெரும்பாலோர் எட்டிப் பாராத பள்ளிக்கூட வாரியத் தேர்தல்களில் அவர்கள் ஆள் நிறுத்தினர். சிறு தேர்தலில் சில நூறு வாக்கு போதும். அதை அவர்கள் அறிந்தனர், எதிர்ப்போர் அறியவில்லை. 2016-இல் வெள்ளை எவாஞ்சலிக்கர் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் டிரம்புக்கு வாக்களித்தனர். அவர் ஒழுக்கத்தை மெச்சியா? நீதிபதிகளுக்காக! அவர் அமர்த்திய மூவரும் சேர்ந்த பெரும்பான்மை, 1973 முதல் இருந்த கருக்கலைப்பு உரிமையை 2022 ஜூனில் நீக்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலே, கான்சாஸ் மாநில மக்கள் அவ்வுரிமையைத் தம் அரசியல் சட்டத்திலிருந்து எடுக்க மறுத்து வாக்களித்ததும் உண்டு. கேலியால் வந்த வெற்றியன்று அது. வீடு வீடாகச் சென்றவர்கள் ஈட்டியது.

ஹில்ஸ்பரோ மக்களை நாடகம் கொடி பிடிக்கும் கும்பலாகவே காட்டுகிறது. அவர்கள் வீட்டிலே என்ன வறுமை, பிள்ளைகளைப் பற்றி என்ன அச்சம், ஏன் பிரையன் பேச்சு அவர்களுக்கு இனித்தது — ஒரு காட்சியும் இல்லை. கடைசியில் டிரம்மண்ட் டார்வின் நூலையும் மறைநூலையும் இரு கையிலும் எடை பார்த்து, இரண்டையும் ஒரே பையில் வைத்துக் கொண்டு ஊரை விட்டுப் புறப்படுகிறார். அழகான காட்சி. ஊரை விட்டுப் போகாதவர்கள் 1930-இல் டேட்டனிலே பிரையன் பெயரால் ஒரு கல்லூரி திறந்தனர். அங்கே இன்றும் வகுப்புகள் நடக்கின்றன.