சட்டி மூச்சு விட வேண்டுமா?

மட்டக்களப்பு வீதியோரக் கடைகளில் எருமைத் தயிர் மண் சட்டியில்தான் விலைக்கு வரும். வாயில் தாள் கட்டிய சட்டிகள் கயிற்றில் தொங்கும். ஒன்றை எடுத்து அடிப்புறத்தைத் தடவினால் கையில் ஈரம் ஒட்டும். தயிரின் நீரை மண் குடித்து வெளியே கசிய விடுகிறது. கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்குத் தயிர் இறுகுவதில் இந்தக் கசிவுக்கும் பங்குண்டு. அம்பாந்தோட்டைப் பக்கம் கித்துள் பாணியோடு உண்ணும் தயிருக்கும் இதே சட்டிதான். அதை வனைபவர் மெருகு பூசுவதில்லை, சூட்டையும் மிகக் கூட்டுவதில்லை. மண்ணின் துளைகள் அடைபட்டால் சட்டி செய்ததன் நோக்கமே கெட்டுவிடும்.

தமிழ்நாட்டின் மானாமதுரையில் செய்யும் கடம் என்ற இசைக்கருவியின் கதை வேறு. அதுவும் மெருகில்லாத சுட்ட மண்தான். ஆனால் அங்கே குயவர் தேடுவது நாதம். நெடுங்குளம், நத்தபுரக்கி, சுந்தரநடப்பு, செய்களத்தூர் போன்ற ஊர்களின் மண்ணைக் கலந்து பிசைகிறார்கள். சக்கரத்தில் உருவம் வந்த பிறகுதான் உண்மையான வேலை. ஒரு கையால் உட்புறம் கல்லைத் தாங்கி, மறு கையால் வெளியே தட்டுப்பலகையால் அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கச் சுவர் இறுகும், கனம் சீராகும். ஓரிடத்தில் தடிப்பு மாறினாலும் ஓசை கெடும். சூளையிலிருந்து வந்த பின் திருத்த வழியில்லை. இந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தகுதியான மரியாதை.

அய்யனார் கோயில் குதிரை செய்யும் வேளார் என்ற குயவருக்கு இன்னொரு கணக்கு. ஆளுயரக் குதிரை வெடிக்காமல் வேக வேண்டும். அதனால் களிமண்ணில் மணலும் உமியும் சேர்ப்பார்கள், உடலுக்குள் வெற்றிடம் விடுவார்கள். புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோது இந்த மரபின் கைத்திறனும் அரசவை ஏறியது.

அதே புதுச்சேரியில்தான் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் மண்கலக்கூடத்தைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானின் பிசென் ஊரில் தொழில் கற்றவர். சவுக்கு விறகு எரித்து ஏறக்குறைய 1,300 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினார்கள். அந்தச் சூட்டில் மண் கல்லாகிவிடும். நீர் உள்ளே போகாது. தயிர்ச் சட்டிக்கு நேர் எதிரான முடிவு இது. 1985 முதல் மீக்கர் இன்னும் துணிந்தார்: பச்சை மண் கல்லால் வீடு கட்டி, உள்ளே பாண்டங்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரித்தார். கோல்டன் பிரிட்ஜில் பயின்றவர்கள் நாடு முழுக்கத் தங்கள் சூளைகளை அமைத்தார்கள். இன்றைய இந்திய மண்கலைக்கு அந்தக் கூடம் ஒரு தாய்வீடு.

இலங்கையில் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் வெண்களி கிடைக்கிறது; மாத்தளையில் ஃபெல்ட்ஸ்பார் உண்டு. அந்த வளத்தின் பெரும்பங்கு ஏற்றுமதிப் பீங்கான் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. நோரிடாக்கே நிறுவனமும் மாத்தளையில்தான் ஆலை நடத்துகிறது. நிலவியலாளரான ஆனந்த குமாரசுவாமி 1908-ல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் குயவர் வேலையையும் எழுதிவைத்தார். ஆனால் ஒருபுறம் ஆலை, மறுபுறம் தயிர்ச் சட்டி என்றிருக்க, நடுவில் தனிக் கலைஞரின் சூளைக்கு இன்றும் இடம் ஒடுக்கமாகவே இருக்கிறது. அன்றாடத் தேவை குயவரை வாழ வைத்திருப்பது இலங்கையின் பலம். கற்றுக்கொடுக்கும் கூடத்தை ஐம்பது ஆண்டு காத்தது இந்தியாவின் பலம்.

அடுத்த முறை மட்டக்களப்பு போகிறவர்கள் பிளாஸ்டிக் வாளியில் வரும் தயிரை விட்டுவிட்டுச் சட்டித் தயிரை வாங்குங்கள். தயிர் தீர்ந்ததும் சட்டியை எறிந்துவிடாதீர்கள். குயவரின் விரல் பதிந்த தடம் அதன் சுவரில் இருக்கும்.